திருப்பணியும் குடமுழுக்கும்: மதுரை ஆயிரங்கால் மண்டப அருங்காட்சியகமும் சப்பானின் இசே கோயிலும்

திருப்பணி என்பது கோயிலைக் கட்டுதல், பழுது பார்த்தல், விரிவாக்குதல், புதுப்பித்தல் ஆகிய எல்லாப் பணிகளையும் குறிக்கும் தமிழ்ச் சொல். திருப்பணி முடிந்தபின் கலச நீரை விமானத்தின் உச்சியிலும் இறையுருவின் மீதும் ஊற்றி நிகழ்த்தும் விழா குடமுழுக்கு, திருக்குட நன்னீராட்டு, கும்பாபிசேகம் எனப் பல பெயர்களில் வழங்குகிறது. மதுரை மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் அமைந்துள்ள கோயில் கலை அருங்காட்சியகம், பல நூற்றாண்டுத் திருப்பணிகளின் தடயங்களை ஒரே இடத்தில் காணக்கூடிய இடமாகும். சப்பான் நாட்டின் இசே நகரில், இருபது ஆண்டுக்கு ஒரு முறை புதிதாகக் கட்டப்படும் சிந்தோ கோயிலுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் உள்ளது. இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால், பழமையைக் காப்பது என்றால் என்ன என்ற கேள்விக்கு இரு வேறு விடைகள் கிடைக்கின்றன.

திருப்பணியின் வகைகள்

ஆகம மரபு குடமுழுக்கை நான்காகப் பிரிக்கிறது. புதிதாகக் கட்டிய கோயிலில் முதன்முறை செய்வது ஆவர்த்தம். வெள்ளம் போன்றவற்றால் சிதைந்தோ நெடுங்காலம் வழிபாடின்றியோ கிடந்த கோயிலை மீட்டுச் செய்வது அனாவர்த்தம். வழிபாட்டில் உள்ள கோயிலைப் பழுது நீக்கிச் செய்வது புனராவர்த்தம். களவு போன்ற தீய நிகழ்வுகள் நடந்தபின் தூய்மைப்படுத்திச் செய்வது அந்தரிதம். இன்று தமிழ்நாட்டில் நடைபெறும் குடமுழுக்குகளில் பெரும்பாலானவை மூன்றாம் வகையைச் சேர்ந்தவை.

புதுப்பிக்கும் பணி தொடங்கும்போது கோயில் மூடப்பட்டுவிடுவதில்லை. இறையாற்றலை மூல உருவிலிருந்து கும்ப நீருக்கோ அத்திமரப் பலகையில் வரைந்த உருவத்துக்கோ மாற்றி, தனியிடத்தில் வைத்து வழிபடுவர். இதற்குப் பாலாலயம் என்று பெயர். பழந்தமிழில் இதனை இளங்கோயில் என்றனர். தச்சரும் கொத்தரும் கருவறைப் பகுதியில் ஏறி இறங்கி வேலை செய்யும் காலத்தில், இறைவன் இளங்கோயிலில் தங்கியிருப்பதாகக் கருதப்படுகிறது. பணி முடிந்ததும் வேள்விச்சாலை அமைத்து, கும்பங்களில் மீண்டும் ஆற்றலை எழுந்தருளச் செய்து, அந்நீரைக் கலசத்தின் மீதும் மூல உருவின் மீதும் சேர்ப்பர். குடிபெயர்தல், பணி செய்தல், குடிபுகுதல் என்னும் மூன்று படிகள் இதில் உள்ளன.

பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு

பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை குடமுழுக்கு நடைபெற வேண்டும் என்பது வழக்கு. வியாழன் கோள் பன்னிரு இராசிகளையும் ஒரு முறை சுற்றிவர ஏறத்தாழ 12 ஆண்டுகள் ஆகும். இத்தகைய ஐந்து சுற்றுகள் சேர்ந்தால் பிரபவ முதல் அட்சய வரையுள்ள அறுபது ஆண்டுகள் நிறைவுபெறும். ஆயிரங்கால் மண்டபத்தின் நுழைவாயிலை ஒட்டிய விதானத்தில் இந்த அறுபது தமிழ் ஆண்டுகளையும் காட்டும் சக்கரம் ஒன்று அமைந்துள்ளது. அண்ணாந்து பார்க்காமல் உள்ளே போகிறவர்கள் இதனைத் தவறவிடுவர்.

வானியல் கணக்குடன் கட்டுமானக் காரணமும் உண்டு. மூல உருவத்தைப் பீடத்துடன் பிணைப்பதற்கு எட்டுப் பொருள்களை இடித்துச் சேர்த்த அட்டபந்தனம் என்னும் மருந்து பயன்படுகிறது. கொம்பரக்கு, சுக்கான் தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகியவை அவை. பதமாக இடித்துச் சூட்டோடு சாத்தினால் இம்மருந்து இறுகிக் கல்லைக் கவ்விக்கொள்ளும். ஆனால் நாள்தோறும் திருமுழுக்கு நடைபெறும் இடத்தில் நீர், பால், எண்ணெய் ஆகியவை பட்டு அது காலப்போக்கில் வலுவிழக்கும். அப்போது உருவத்துக்கும் பீடத்துக்கும் இடையே நீர் கசியத் தொடங்கும். ஆகவே குறிப்பிட்ட இடைவெளியில் மருந்தைச் சுரண்டி எடுத்துப் புதிதாகச் சாத்த வேண்டியுள்ளது.

கோபுரங்களுக்கும் இது பொருந்தும். மதுரைக் கோயிலின் பெரிய கோபுரங்களில் கீழ்ப்பகுதி கருங்கல்லாலும், மேல்நிலைகள் செங்கல்லாலும் ஆனவை. மேலே நிறைந்திருக்கும் உருவங்கள் சுண்ணாம்புச் சுதையால் செய்யப்பட்டவை. வெயிலும் மழையும் பட்டுச் சுதை வெடிக்கும்; வெடிப்பில் பறவை எச்சத்தின் வழியாக வந்த ஆல், அரச விதைகள் முளைக்கும்; வேர் செங்கல்லைப் பிளக்கும். சில ஆண்டுக்கு ஒரு முறை சாரம் கட்டி ஏறிச் செடிகளைக் களைந்து, உடைந்த விரலையும் மூக்கையும் சுதையால் வனைந்து வண்ணம் தீட்டாவிட்டால் கோபுரம் நிலைக்காது. உச்சியிலுள்ள கலசங்களில் நிரப்பப்படும் வரகு முதலிய தானியங்களும் குடமுழுக்கின்போது மாற்றப்படுகின்றன.

எனினும் கணக்கு எப்போதும் தவறாமல் கடைப்பிடிக்கப்பட்டதில்லை. மீனாட்சியம்மன் கோயிலில் 1963, 1974, 1995, 2009 ஆகிய ஆண்டுகளில் குடமுழுக்கு நடைபெற்றது. இவற்றின் இடைவெளிகள் முறையே 11, 21, 14 ஆண்டுகள். விதி பன்னிரண்டு என்றாலும், நிதியும் பணியின் அளவும் நாட்டு நிலையுமே நாளைத் தீர்மானித்துள்ளன.

மீனாட்சியம்மன் கோயிலின் திருப்பணிகள்

இன்று காணும் மதுரைக் கோயில் ஒரே காலத்தில் ஒருவரால் கட்டப்பட்டதன்று. பிற்காலப் பாண்டியர் காலத்தில், 13ஆம் நூற்றாண்டில், சுவாமி சந்நிதியின் கிழக்குக் கோபுரம் எழுந்தது. 1311இல் தில்லிப் படைத்தலைவர் மாலிக் கபூர் மதுரை மீது படையெடுத்தார். அதன்பின் மதுரையில் சுல்தான்களின் ஆட்சி நிலைபெற்றது. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விசயநகர இளவரசர் குமார கம்பணர் மதுரையைக் கைப்பற்றியபின் கோயில் வழிபாடு மீட்கப்பட்டது. நெடுநாள் மூடியிருந்த கருவறையைத் திறந்தபோது விளக்கு அணையாமலும் மாலை வாடாமலும் இருந்தன என்று கோயில் மரபு கூறுகிறது. இது வரலாற்றுச் சான்றன்று. ஆயினும் இடையே அறுந்துபோன ஒன்றை அறாததாகவே நினைவில் வைத்துக்கொள்ள மக்கள் விரும்பினர் என்பதை இக்கதை காட்டுகிறது.

நாயக்கர் காலத்தில் கோயில் இன்றைய அளவுக்கு விரிந்தது. மிக உயரமான தெற்குக் கோபுரம் 16ஆம் நூற்றாண்டின் நடுவில் சிராமலை செவ்வந்திச் செட்டியாரால் கட்டப்பட்டது. விசுவநாத நாயக்கரின் தளவாயாக இருந்து அவருக்குப் பின்னும் பணியாற்றிய அரியநாத முதலியார் ஆயிரங்கால் மண்டபத்தை எழுப்பினார். முத்து வீரப்ப நாயக்கர் (1609–1623) காலத்தில் வீர வசந்தராயர் மண்டபம் அமைந்தது. திருமலை நாயக்கர் (1623–1659) கோயிலுக்கு வெளியே புதுமண்டபத்தைக் கட்டினார்; அதற்கு எதிரே அவர் தொடங்கிய இராய கோபுரம் கல்நிலைகளோடு நின்றுவிட்டது.

வடக்குக் கோபுரத்தின் கதை குறிப்பிடத்தக்கது. 16ஆம் நூற்றாண்டில் தொடங்கப்பட்ட இக்கோபுரம் மேல்நிலைகள் முடிவுறாமல் நெடுங்காலம் நின்றதால் மொட்டைக் கோபுரம் என்று பெயர் பெற்றது. 1878இல் நாட்டுக்கோட்டை நகரத்தாரின் திருப்பணியால் முழுமை அடைந்தது. கோபுரம் நிறைவுபெற்று ஒன்றரை நூற்றாண்டு ஆகப்போகிறது. ஆயினும் மதுரை மக்கள் பேச்சில் அது இன்றும் மொட்டைக் கோபுரமே. கோபுர வாசலிலுள்ள காவல் தெய்வம் மொட்டைக் கோபுர முனியாண்டி என்றே அழைக்கப்படுகிறார்.

எந்த மண்டபத்தை யார் கட்டினர், எந்தக் கோபுரத்தை யார் புதுப்பித்தனர் என்ற செய்திகளைத் தொகுத்துச் செய்யுளாகப் பாடிய நூலுக்குத் திருப்பணிமாலை என்று பெயர். ஒரு கோயிலின் கட்டுமான வரலாற்றையே பாடுபொருளாகக் கொண்ட இத்தகைய நூல் இருப்பது, திருப்பணி செய்தவரின் பெயரை ஊர் மறக்கக்கூடாது என்ற எண்ணம் அக்காலத்திலேயே வலுவாக இருந்ததைக் காட்டுகிறது. இன்றும் இவ்வழக்கம் மாறவில்லை. மதுரையின் வடமேற்கே திண்டுக்கல் சாலையை ஒட்டியுள்ள விளாங்குடி போன்ற புறநகர்ப் பகுதிகளிலும், வைகைச் சமவெளியின் சிற்றூர்களிலும் தெருக்கோயில் ஒன்றுக்குக் குடமுழுக்கு நடந்தால், நன்கொடை தந்தோர் பெயர்கள் பொறித்த பளிங்குப் பலகை சுவரில் பதிக்கப்படும். ஓலையில் இருந்த திருப்பணிமாலை இன்று பளிங்குக்கு மாறியுள்ளது.

ஆயிரங்கால் மண்டப அருங்காட்சியகம்

ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண்கள் உள்ளன. எங்கிருந்து பார்த்தாலும் தூண்கள் நேர்வரிசையாகத் தெரியும்படி அமைக்கப்பட்டுள்ளன. நுழைவுப் படிகளின் அருகில் குதிரை மீது அமர்ந்த அரியநாத முதலியாரின் சிலை உள்ளது. முன்வரிசைத் தூண்களில் இரதி, பேடி உருவில் அருச்சுனன், குறவன், குறத்தி, ஆடும் பிள்ளையார் முதலிய பெரிய சிற்பங்கள் உள்ளன. நடுவழியே நேராகச் சென்றால் மறுமுனையில் நடராசர் திருவுருவம் காட்சி தரும்.

தூண்களுக்கு இடையே கற்சிற்பங்கள், செப்புத் திருமேனிகள், ஓவியங்கள், கோயில் தொடர்பான பழைய பொருள்கள் ஆகியவை வைக்கப்பட்டுள்ளன. பார்வையாளர் பலர் பெரிய சிற்பங்களை மட்டும் பார்த்துத் திரும்பிவிடுகின்றனர். திருப்பணி வரலாற்றைப் படிக்க விரும்பும் மாணவர் சில செய்திகளைக் கூர்ந்து நோக்கலாம்.

முதலாவது, மண்டபமே முதன்மையான காட்சிப்பொருள் என்பது. நான்கரை நூற்றாண்டுக்கு முன் எழுப்பிய தூண், போதிகை, உத்திரம், பாவுகல் ஆகியவற்றின் இணைப்பை இங்கு அருகில் நின்று காணலாம். சுண்ணாம்புக் காரையை நம்பாமல், கல்லின் எடையே கல்லைப் பிடித்து நிறுத்தும் அமைப்பு இது.

இரண்டாவது, செப்புத் திருமேனிகளின் தேய்மானம். பல தலைமுறைகள் திருமுழுக்காட்டித் துடைத்த திருமேனியில் முகமும் அணிகளும் மழுங்கியிருக்கும். வழிபாட்டில் இருந்ததன் அடையாளம் அது. கூர்மையான செதுக்கல் அப்படியே இருந்தால் அத்திருமேனி குறைந்த காலமே வழிபாட்டில் இருந்தது என்று ஊகிக்கலாம்.

மூன்றாவது, சிதைந்த உருவங்கள். முறிந்த சிலையைக் கருவறையில் வைத்து வழிபடுவதில்லை என்பது பொது விதி. முன்பு அத்தகைய சிலைகள் நீர்நிலைகளில் விடப்பட்டன அல்லது மண்ணில் புதைக்கப்பட்டன. அருங்காட்சியகங்கள் தோன்றியபின் மூன்றாவது வழி ஒன்று பிறந்தது. வழிபாட்டிலிருந்து விலகிய உருவம் வரலாற்றுச் சான்றாக வாழ்வைத் தொடர்கிறது.

இசே: இருபது ஆண்டுக்கு ஒரு புதிய கோயில்

சப்பானின் மியே மாவட்டத்தில் உள்ள இசே, சிந்தோ சமயத்தின் தலைமைத் திருத்தலம். இங்கே ஞாயிற்றுத் தெய்வமான அமத்தெராசுவுக்கு உட்கோயிலும், உணவுத் தெய்வமான தொயோஉக்கேவுக்கு வெளிக்கோயிலும் உள்ளன. தரையில் நேரடியாக நட்ட மரத்தூண்கள், உயர்த்திய தளம், கோரைப்புல் கூரை, கூரையின் இரு முனைகளிலும் வானை நோக்கிக் குறுக்காக நீளும் மரங்கள் ஆகியவை இதன் அடையாளங்கள். பழங்காலச் சப்பானியரின் நெற்களஞ்சியத்திலிருந்து வளர்ந்த வடிவம் இது. தூணுக்கு அடிக்கல் கிடையாது. மரத்துக்கு வண்ணமும் கிடையாது.

ஒவ்வொரு கோயிலுக்கும் அருகருகே ஒரே அளவில் இரண்டு மனைகள் உள்ளன. ஒன்றில் கோயில் நிற்கும். மற்றொன்று வெண்கூழாங்கற்கள் பரப்பிய வெற்றிடமாக இருக்கும். இருபது ஆண்டுக்கு ஒரு முறை வெற்றிடத்தில் அச்சு மாறாமல் புதிய கோயில் கட்டப்படும். இருளில், திரைகளால் மறைத்து, தெய்வத்தைப் பழைய கோயிலிலிருந்து புதிய கோயிலுக்கு எழுந்தருளச் செய்வர். அதன்பின் பழைய கோயில் பிரிக்கப்படும். முதல் இடமாற்றம் உட்கோயிலில் 690ஆம் ஆண்டிலும், வெளிக்கோயிலில் 692ஆம் ஆண்டிலும் நடைபெற்றது. 62ஆவது இடமாற்றம் 2013இல் நிகழ்ந்தது. அடுத்தது 2033இல் நடைபெற வேண்டும். அதற்கான மரம் வெட்டும் சடங்குகள் 2025இலேயே தொடங்கிவிட்டன.

ஒரு முறை கட்டுவதற்கு ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் ஆகின்றன. பத்தாயிரத்துக்கும் குறையாத சப்பானியச் சைப்பிரசு மரங்கள் தேவைப்படுகின்றன. கட்டடங்கள் மட்டுமன்றி, தெய்வத்துக்குரிய ஆடை, வாள், வில், இசைக்கருவி முதலிய 714 வகைப் பொருள்களும் பழைய முறைப்படி புதிதாகச் செய்யப்படுகின்றன. பிரித்தெடுத்த மரமும் வீணாவதில்லை. முகட்டைத் தாங்கிய பெருந்தூண்கள் உசிப் பாலத்தின் இரு முனைகளிலும் தோரணவாயில்களாக நிறுத்தப்பட்டு மேலும் இருபது ஆண்டுகள் பயன்படுகின்றன. அதன்பின் வேறு ஊர்களுக்குத் தோரணவாயில்களாகச் செல்கின்றன. எஞ்சிய மரங்கள் நாடெங்குமுள்ள கோயில்களின் பழுது நீக்கத்துக்கு வழங்கப்படுகின்றன.

இந்த நடைமுறையை விளக்குவதற்காக 2012இல் வெளிக்கோயிலின் அருகே செங்கூக்கான் என்னும் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. மூலக்கோயிலை வேலிகளுக்கு வெளியே நின்றுதான் மக்கள் வணங்க முடியும். எனவே வெளிக்கோயிலின் ஒரு பகுதி முழு அளவில் அருங்காட்சியகத்துக்குள் கட்டிக் காட்டப்பட்டுள்ளது. தச்சுக் கருவிகளும், நெசவு, உலோகவேலை, அரக்குவேலை ஆகியவற்றின் படிநிலைகளும் அங்கே வைக்கப்பட்டுள்ளன. முடிந்த பொருளைவிட அது உருவாகும் முறைக்கே அங்கு முதலிடம்.

இசேயின் தொடர்ச்சியும் முறியாத தொடர்ச்சியன்று. 15, 16ஆம் நூற்றாண்டுகளில் நாட்டில் போர் மூண்டிருந்த காலத்தில் நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் இடமாற்றம் நடைபெறவில்லை. இரண்டாம் உலகப்போருக்குப் பின் 1949இல் நடந்திருக்க வேண்டிய இடமாற்றம் 1953க்குத் தள்ளிப்போயிற்று.

கல்லும் மரமும்

இசேயில் நிற்கும் மரத்துக்கு வயது இருபதைத் தாண்டாது; வடிவத்துக்கோ ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல். மதுரையில் கல்லுக்கு வயது நூற்றுக்கணக்கு. அதன் மேலுள்ள சுதைக்கும் வண்ணத்துக்கும் அட்டபந்தன மருந்துக்கும் வயது சில ஆண்டுகள். இசே பொருளை மாற்றி வடிவத்தைக் காக்கிறது. மதுரை, மாற்ற வேண்டியதை மாற்றி, மாற்றக் கூடாததை நிறுத்திக்கொள்கிறது.

இந்த வேறுபாடு உலக அளவிலும் விவாதிக்கப்பட்டது. 1964இல் உருவான வெனிசு சாசனம் நினைவுச்சின்னத்தின் மூலப்பொருளைக் காப்பதற்கு முதன்மை தந்தது. ஐரோப்பாவின் கற்கட்டடங்களுக்கு அது பொருந்தியது. மரக்கட்டடங்களை அவ்வப்போது பிரித்துச் சேர்க்கும் நாடுகளுக்கு அது போதவில்லை. 1994இல் சப்பானின் நாரா நகரில் கூடிய வல்லுநர்கள், பொருளோடு வடிவம், பயன்பாடு, மரபு, கைத்திறன் ஆகியவற்றையும் உண்மைத்தன்மையின் சான்றுகளாகக் கொள்ளலாம் என்று அறிவித்தனர். வழிபாடு நின்றுபோகாத தமிழகக் கோயில்களுக்கும் இக்கருத்து பொருந்தும்.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. வடிவமும் மரபும் காக்கப்பட்டால் போதும் என்பது, பழைய கல்லை எடுத்தெறிந்துவிட்டுப் புதுக்கல் வைக்கலாம் என்பதற்கு உரிமைச்சீட்டு ஆகாது. இசேயின் மரத்தில் எழுத்து இல்லை. தமிழகத்தின் கல்லில் கல்வெட்டு இருக்கிறது. மரத்தை மாற்றினால் வடிவம் தொடரும். கல்வெட்டுள்ள கல்லை மாற்றினால் ஊரின் நினைவு போய்விடும்.

சோழர் கால முன்மாதிரி

இச்சிக்கலைச் சோழர் காலத்தவர் அறிந்திருந்தனர். 10ஆம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியார் பல செங்கற்கோயில்களைக் கற்றளிகளாக மாற்றினார். திருக்கோடிக்காவில் அவ்வாறு மாற்றியபோது, பழைய கற்களில் இருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவரில் பொறிக்கச் செய்தார். அவை பழைய கல்லின் படிகள் என்ற குறிப்பும் சேர்க்கப்பட்டது. திருமழபாடியில் முதலாம் இராசராசன் காலத்தில் விமானத்தைப் பிரித்துக் கட்ட ஆணையிட்டபோது, முதலில் கல்வெட்டுகளைப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளும்படி ஆணையிடப்பட்டது. விமானம் கட்டி முடிந்தபின் முதலாம் இராசேந்திரன் காலத்தில் அவை மீண்டும் கல்லில் பொறிக்கப்பட்டன. பிரிக்கும் முன் பதிவு செய், கட்டிய பின் திரும்ப எழுது, எழுதியது படி என்பதை மறைக்காதே என்ற மூன்று நெறிகளை ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இங்கே கடைப்பிடித்துள்ளனர்.

பிற்காலத்தில் எல்லா இடங்களிலும் இவ்வளவு கவனம் இருக்கவில்லை. பக்தியால் செய்யப்பட்ட திருப்பணிகளிலேயே பழைய ஓவியங்கள் மீது சுண்ணாம்பு அடிக்கப்பட்டது. கல்வெட்டுள்ள கற்கள் இடம் மாறின. தரையில் பதித்த ஓடுகள் அதிட்டானத்தின் எழுத்துகளை மறைத்தன. கருங்கல்லில் படிந்த எண்ணெயையும் சுண்ணாம்பையும் நீக்க, அழுத்தக் காற்றில் மணலை வீசும் முறை 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவியது. அழுக்குடன் கல்லின் மேற்பரப்பும் எழுத்தின் கூர்மையும் சேர்ந்து போயின. தொல்லியல் அறிஞர்களின் எதிர்ப்புக்குப் பின் அம்முறைக்குத் தடை விதிக்கப்பட்டது. சென்னை உயர்நீதிமன்றம் தொன்மையான கோயில்களின் பாதுகாப்பைக் குறித்துத் தானே முன்வந்து விசாரித்த வழக்கில், 2021 சூன் மாதம் 75 வழிகாட்டுதல்களைக் கொண்ட தீர்ப்பை வழங்கியது.

மதுரையிலும் பாதுகாக்க வேண்டியவை நிறைய உள்ளன. பொற்றாமரைக் குளத்தின் மேற்கே ஊஞ்சல் மண்டப விதானத்தில், மீனாட்சியம்மனின் செங்கோலை இராணி மங்கம்மாள் பெறும் காட்சி தீட்டப்பட்டுள்ளது. ஆட்சியாளர் ஒருவரின் உருவத்தை அவர் காலத்திலேயே பெயருடன் காட்டும் ஓவியம் இது. இத்தகைய ஓவியம் ஒன்றின் மீது ஒரு நாள் சுண்ணாம்பு அடித்தால், அடுத்த பன்னிரண்டு ஆண்டில் அதனைத் திரும்பப் பெற முடியாது.

2018 தீயும் கல்தச்சரும்

2018 பிப்ரவரி 2ஆம் நாள் இரவு, கோயிலின் கிழக்குப் பகுதியில் கடைகள் இருந்த இடத்தில் தீப்பற்றியது. வீர வசந்தராயர் மண்டபத்தின் கூரையும் தூண்களும் பெரிதும் சேதமடைந்தன. கல் எரியாது என்று பலர் எண்ணுவர். கல் எரியாதுதான், ஆனால் கடும் வெப்பத்தில் வெடிக்கும். கருங்கல்லில் உள்ள குவார்ட்சு என்னும் கனிமம் 573 பாகை செல்சியசு அளவில் படிக அமைப்பு மாறித் திடீரென விரிவடைகிறது. மேற்பரப்பு விரிந்து உள்பகுதி குளிர்ந்திருக்கும்போது கல் செதில் செதிலாக உரியும். உத்திரம் பிளந்தால் அதன் மேலுள்ள பாவுகற்கள் கீழே விழும். மேலே வெளுத்தது போல் மட்டும் தோன்றும் தூண்கூட உள்ளே சுமைதாங்கும் வலுவை இழந்திருக்கலாம்.

தீக்குப்பின் கோயிலுக்குள் இருந்த கடைகள் அகற்றப்பட்டன. மண்டபத்தைப் பழைய வடிவிலேயே மீண்டும் கட்ட முடிவு செய்யப்பட்டது. அப்போதுதான் பணியின் உண்மையான கடினம் வெளிப்பட்டது. நாயக்கர் காலத் தூண்கள் ஒரே கல்லால் ஆனவை. அதே நீளத்தில் விரிசலின்றி வெட்டக்கூடிய பாறை தேவைப்பட்டது. நாமக்கல் மாவட்டத்தில் இருந்து கற்கள் வெட்டிக் கொண்டுவரப்பட்டன. அவற்றைச் செதுக்கக்கூடிய கல்தச்சரும், தூக்கி நிறுத்தக்கூடிய வல்லுநரும் தேவைப்பட்டனர். 2009இல் நடந்த குடமுழுக்குக்குப் பின் பன்னிரண்டு ஆண்டுகள் 2021இல் நிறைவடைந்தன. அப்போதும் மண்டபப் பணி முடிந்திருக்கவில்லை. ஓர் இரவில் சிதைந்ததைச் சீராக்க ஆண்டுகள் பல ஆயின.

இசேயின் இருபது ஆண்டுக் கணக்குக்கு அறிஞர் கூறும் காரணங்களில் ஒன்று இங்கு நினைக்கத்தக்கது. இருபது வயதில் உதவியாளனாகச் சேரும் தச்சன், நாற்பதில் தலைமை வேலையாளாகவும், அறுபதில் வழிகாட்டும் முதியவனாகவும் பங்கு பெறலாம். ஒரு வாழ்நாளில் மூன்று முறை கட்டுவதால் திறமை கைமாறுகிறது. தமிழகத்தில் கோபுரச் சுதைவேலைக்கும் அட்டபந்தனத்துக்கும் பன்னிரண்டு ஆண்டுச் சுழற்சி இவ்வாறே பயிற்சிக்களமாக உதவுகிறது. ஆனால் நாயக்கர் கால அளவில் ஒரே கல்லால் மண்டபம் கட்டும் வாய்ப்பு ஒரு தலைமுறைக்கு ஒரு முறைகூட அமைவதில்லை. பயிற்சி இல்லாத திறமை மங்கிவிடும். இக்குறையை நீக்கவே 1957இல் மாமல்லபுரத்தில் அரசு சிற்பப் பயிற்சி நிலையம் தொடங்கப்பட்டது. அது பின்னர் கல்லூரியாக வளர்ந்தது. பல குடமுழுக்குகளில் பணியாற்றிய தபதிகள் அங்கே பயின்றவர்கள்.

மாணவருக்குப் பயன்

ஆயிரங்கால் மண்டபத்துக்குச் செல்லும் மாணவர் ஒவ்வொரு பொருளின் முன்பும் நான்கு கேள்விகளை எழுப்பிக்கொள்ளலாம். இது எதனால் ஆனது? இதில் எந்தப் பகுதி பழையது, எது பின்னர் சேர்ந்தது? இதனைச் செய்தவர் யார், செய்வித்தவர் யார்? இது பழுதானால் இன்று யாரால் சரிசெய்ய முடியும்? நான்காம் கேள்விக்கு விடை கிடைக்காத இடத்தில்தான் ஆபத்து இருக்கிறது.

தம் ஊர்க் கோயிலில் திருப்பணி நடைபெறும்போதும் இக்கேள்விகள் உதவும். வேலை தொடங்கும் முன் சுவர்களையும் தூண்களையும் விதானங்களையும் ஒளிப்படம் எடுத்து வைக்கலாம். எழுத்துள்ள கல் கண்ணில் பட்டால் கோயில் அலுவலருக்கும் தொல்லியல் துறைக்கும் தெரிவிக்கலாம். பழைய பலகைக்கல் ஒன்று சாக்கடை மேல் பாலமாகப் போடப்படும் முன் அதனைப் புரட்டிப் பார்க்கலாம். திருமழபாடியில் அரசன் ஆணையிட்டுச் செய்வித்த வேலையின் முதற்படி இதுவே. அதற்கு அன்று ஓலையும் எழுத்தாணியும் தேவைப்பட்டன. இன்று கைப்பேசி ஒன்று போதும்.

குடமுழுக்கு நாளில் கலசத்தின் மேல் நீர் விழும்போது கீழே நிற்கும் மக்கள் கைகூப்பி அண்ணாந்து பார்க்கின்றனர். அந்நீர் புதியது, கலசத்தின் பூச்சு புதியது, கலசத்துள் இருக்கும் வரகு புதியது. அவற்றைத் தாங்கி நிற்கும் கல் பழையது. புதியது எது, பழையது எது என்று அறிந்து, இரண்டையும் அதனதன் இடத்தில் வைப்பதே திருப்பணி.